வயிற்றுக்குள் இருந்த 'மருந்து'

பெரம்பலூரில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் பக்கம் 'மருந்து சாப்பிட்டுட்டார்' என்றால் பூச்சிமருந்துதான். அதனால், செந்துறையிலிருந்து கணவரோடு வந்த அந்தப் பெண், "மருந்து முழுங்கிட்டேன்னு சொல்றாருங்க" என்று அழுததும், வயிற்றைக் கழுவக் குழாயை எடுத்தேன். கணவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வாயத் தொறய்யா, சாவப் போறியா?" என்று கத்தினேன்.

"குழாய் வேணாம் சிஸ்டர். உள்ள பொட்டலம் இருக்கு, ஒடஞ்சிரும்" என்றார்.

வெளிநாட்டிலிருந்து போதைப்பொருளை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். வலி தாங்காமல் போனதும், உண்மையைச் சொல்லப் பயந்து மனைவியிடம் மருந்து என்று சொல்லியிருக்கிறார். உடனே ஆபரேஷன். குடலைத் திறந்ததும் எழுந்த நாற்றம் இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. மலம் அப்பிக் கிடந்த ரப்பர் பொட்டலங்களை ஒவ்வொன்றாக ட்ரேயில் வாங்கினேன். ஊர்ப் பிள்ளைகளைக் கெடுக்கத்தானே இதைச் சுமந்து வந்தான் என்று நினைத்தபோது, அந்த உடம்பைத் தொடவே அருவருப்பாக இருந்தது. "இவனுக்கெல்லாம் நாம நிக்கணுமா?" என்று வாய்விட்டே சொன்னேன்.

முடிந்து வெளியே வந்ததும் அந்தப் பெண் ஓடிவந்தாள்.

"எல்லாம் வந்துருச்சு. ஒண்ணுகூட ஒடையல" என்றேன்.

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். "அவரு உசுரோட இருக்காருங்களா?"

அவர் பிழைத்திருந்தார். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று எத்தனையோ முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். நாற்றம் போய்விட்டது. அருவருப்பு போகவில்லை. ஆனால் அது இப்போது அந்த ஆள்மேல் இல்லை.