அம்சவல்லி யாரைப் பார்த்துச் சிரித்தாள்?

திரையில் தெரிந்த பொம்பளை யார் என்று அம்சவல்லிக்கு முதலில் பிடிபடவே இல்லை. தலையில் புல்லுக்கட்டு, மாங்காய்க் கரைப் புடவை, இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு. யாரோ நம்ம பக்கத்துப் பொண்ணு போலிருக்கிறது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் குற்றம் சொல்லக் கூடாது. அவள் வீட்டுக் கண்ணாடி உள்ளங்கை அகலம். அதில் பொட்டு வைத்துக்கொள்ளத்தான் இடமிருக்கும், சிரித்துப் பார்க்கவா முடியும்? மாமியார் பாப்பம்மாள் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளியபோதுதான் உறைத்தது. ஐயையோ, நான்தானே இது!

அறுபதுகளின் நடுவில், தண்டலத்து டூரிங் கொட்டகை. மணல் தரை, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு குட்டைச் சுவர். ஊரே வண்டி கட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்கு வந்திருந்தது. போன பங்குனியில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஷூட்டிங் நடந்தபோது, புல் அறுத்துக்கொண்டு வந்த அம்சவல்லியை நிறுத்திப் படம் பிடித்தார்களே, அதைப் பார்க்கத்தான் இத்தனை கூட்டம்.

பார்த்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். முதலில் முறுக்கு மீசை வில்லன் ஒருத்தன் ஜீப்பில் வந்து இறங்குகிறான். மீசையைத் தடவிக்கொண்டு எங்கேயோ வெறிக்கிறான். அடுத்து அம்சவல்லி. தலையை ஒரு பக்கம் சாய்த்து, முந்தானை நுனியைப் பல்லில் கடித்து, அடக்க மாட்டாமல் சிரிக்கிறாள். மறுபடி வில்லன், விரலை மடக்கிக் கூப்பிடுகிறான். மறுபடி அம்சவல்லி, கண்ணைத் தாழ்த்துகிறாள். அப்புறம் ஒரு குடிசை. கொலுசு போட்ட கால் ஒன்று உள்ளே போகிறது. கதவு சாத்திக்கொள்கிறது.

அந்த மீசைக்காரனை அவள் ஜென்மத்தில் கண்டதில்லை. அந்தக் குடிசை எந்த ஊரில் இருக்கிறதோ! கொலுசு அவள் காலில் ஏறியதே கிடையாது. பட்டணத்தில் எவனோ உட்கார்ந்துகொண்டு கத்திரிக்கோலால் வெட்டி ஒட்டியிருக்கிறான், அவன் விளங்குவானா? ஆனால் இதெல்லாம் ஊருக்குத் தெரியுமா? ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசில், அதோடு ஒரு குரல்.

"டேய், நம்ம கோதண்டம் பொண்டாட்டிடா!"

அம்சவல்லி ஒன்றும் கலகலப்புக்காரி இல்லை. வல்லக்கோட்டையிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்து சில வருஷம் ஆகியும், தெருவில் அவள் பல்லைப் பார்த்தவர்கள் கிடையாது. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்ற குறை வேறு. இப்போது இது.

இருந்தாலும் ஒரு பிடிமானம் இருந்தது. அந்தச் சிரிப்பு யாருக்கு என்று தெரிந்த ஆள் சுவருக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தான். அவள் புருஷன் கோதண்டம்தான் அது.

ஷூட்டிங் அன்றைக்குச் சினிமாக்காரர்கள் "சிரிம்மா, சிரிம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். முன்பின் தெரியாத ஆம்பளைகள் நடுவில் எப்படிச் சிரிப்பு வரும்? கட்டை மாதிரி நின்றாள். கையாள் போதாமல், வேடிக்கை பார்க்க வந்த கோதண்டத்தின் கையில் வெள்ளிக் காகிதம் ஒட்டிய பலகையைத் திணித்து, வெயிலை அவள் முகத்துக்குத் திருப்பச் சொன்னார்கள். காமிராவுக்குப் பக்கத்தில் அவன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, முழங்கால் மடங்க, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு நின்ற அழகு இருக்கிறதே! காற்றில் பலகை ஆட, பலகையோடு அவன் ஆட, அவிழ்ந்த தலைப்பாகை மூக்கில் வந்து தொங்கியது. அம்சவல்லிக்குச் சிரிப்பு பீறிட்டது. அதைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. திரும்பி வரும்போது வண்டியிலும் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய அண்ணன் தாண்டவராயன்தான் குடும்பத்துக்குப் பெரியவர். மாட்டை ஓட்டிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"காலைல இதே வண்டியப் பூட்டி, இவள வல்லக்கோட்டைல அவுங்கப்பன் வூட்ல வுட்டுட்டு வந்துடணும்."

அண்ணன் எதிரில் புருஷன் பேச மாட்டான் என்று அம்சவல்லி மனசைத் தேற்றிக்கொண்டாள். அந்த வீட்டில் பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. வெளியே போனால் அவன் முன்னே போவான், இவள் எட்டத்தில் பின்னே போவாள். அதற்காக இருவருக்கும் பேச்சே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவன் கனைத்தால் தண்ணீர் வேண்டும். துண்டை உதறினால் கழனிக்குக் கிளம்புகிறான். இவள் சொம்பை ணங்கென்று வைத்தால் கோபம், சத்தமில்லாமல் வைத்தால் கோபம் தீர்ந்தது. எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது. யார் கண்ணிலும் படாமல் நடந்தது, அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

விடிந்தது. வாசலில் வண்டி பூட்டி நின்றது. தெருவே கூடி நின்றது. அம்சவல்லி வாயைத் திறந்து சொல்லிவிட்டாள்.

"மாமா, நான் இவரப் பாத்துத்தான் சிரிச்சேன்."

"இன்னாது?" என்றார் தாண்டவராயன்.

பாப்பம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "கட்டுன புருஷனப் பாத்து எவளாச்சும் அப்பிடி சிரிப்பாளாடி? நானுந்தான் ஒரு ஆம்பளையோட குடும்பம் பண்ணேன், ஒரு நாளு சிரிச்சிருப்பனா?"

கூட்டத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, பாவம்.

"டேய் கோதண்டம், நீயும் அங்கதான இருந்த? இவ சொல்றது நெசமாடா?" என்றார் தாண்டவராயன்.

கோதண்டம் தரையைப் பார்த்தான். அம்சவல்லி ஒரு தரம் கனைத்தாள். அவன் நிமிர்ந்து, புதிதாக யாரையோ பார்ப்பதுபோல் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சுவரில் சாய்த்திருந்த முறத்தை எடுத்தான். அண்ணன் எதிரில், அம்மா எதிரில், அத்தனை ஜனங்கள் எதிரில் அதைத் தலைக்கு மேல் தூக்கி, முழங்காலை மடக்கி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றான்.

சிரிக்கிற நேரமா அது? கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் சிரிப்பு அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வரும்? தலை தானாகச் சாய்ந்தது, முந்தானை பல்லுக்குப் போயிற்று, அம்சவல்லி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அச்சு அசல் அதே சிரிப்பு.

"அடிப்பாவி, நெசமாவே இவனப் பாத்தா சிரிச்ச!" என்று பாப்பம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொட்டகையில்கூட அவளுக்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லை. தாண்டவராயன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மாட்டை அவிழ்க்கப் போனார்.

அம்சவல்லி கோதண்டத்தின் அருகே போனாள். தோளில் தோள் படுகிற தூரம். பகலில், நாலு பேர் பார்க்க, அவனிடம் அவள் அவ்வளவு நெருங்கி நின்றதே இல்லை.

"இத நேத்தே செஞ்சிருந்தா இன்னாய்யா? வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்த? உயிரே பூட்ச்சி எனக்கு."

அவன் முறத்தைத் தாழ்த்தினான். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"கோச்சிக்காத. படத்துல பாத்தப்போ எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. அன்னிக்கி என் பின்னால வேற எவனாச்சும் நின்னுக்கினு இருந்தானோன்னு. அதான் இப்ப செஞ்சி பாத்தேன்."

"செஞ்சி பாத்தியா?"

அவன் சொன்னது காதில் விழுந்து நெஞ்சில் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. ஊர் சந்தேகப்பட்டது, சரி. ஊரா அங்கே நின்றது? இவன்தானே நின்றான்! இவன் முகத்தைப் பார்த்துத்தானே சிரித்தாள்! ஒரு கத்திரிக்கோல்காரன் சொன்னதை நம்பியவன், நேரில் தான் வாங்கிக்கொண்ட சிரிப்பை நம்பவில்லையே.

அம்சவல்லி ஓர் எட்டுப் பின்னால் வைத்தாள். பிறகு இன்னொன்று. நுகத்தடிக் கயிற்றில் கை வைத்திருந்த தாண்டவராயனைப் பார்த்துத் திரும்பினாள்.

"அவுக்காதீங்க மாமா," என்றாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. "பூட்டுன வண்டி பூட்டுனபடியே கெடக்கட்டும். நான் எங்கப்பன் வூட்டுக்குப் போறேன்."