செலுவம்பா கண்டுபிடித்த வெங்காயக் கலர் நத்தை

"ஆழ்கடல் மூழ்காளரும் வெப்பமண்டலக் கடல் நத்தைகளின் வகைப்பாட்டு நிபுணருமான திருமதி செலுவம்பா" என்று மைசூர்க் கல்லூரி ஒன்றின் அழைப்பிதழ் சொன்னது. செலுவம்பா ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரியில்கூட இறங்கமாட்டார். மேல்படியில் நின்றபடி, கணவர் நரசிம்மமூர்த்தி சொம்பில் மொண்டு தருவதைத் தலையில் தெளித்துக்கொள்வார். கடலைப் பார்த்தது ஒரே தடவை, பஸ் ஜன்னல் வழியாக. அதுவும் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு.

பட்டுப்புடவைக் கடையில் விற்பனை பார்ப்பவர் நிபுணரானதற்கு முட்டிவலிதான் காரணம். லீவு போட்டுப் படுத்திருந்தபோது, உயிரினப் படங்களுக்கு யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லலாம் என்ற இணையதளம் ஒன்று கைப்பேசியில் அகப்பட்டது. ஓடில்லாத கடல் நத்தைகள் செவுளை முதுகில் பூப்போல் செருகிக்கொண்டு, முகூர்த்தத்துக்குக் கிளம்பியவைபோல் நின்றன. செலுவம்பா எழுந்து உட்கார்ந்தார். முட்டியை அதன்பிறகு யாரும் விசாரிக்கவில்லை.

அவர் கடையில் நெசவு ஒன்றேயானாலும் நிறத்துக்கு ஒரு நம்பர் உண்டு. மாம்பழ மஞ்சளும் சந்தன மஞ்சளும் ஒரே தட்டில் கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது. நத்தைகளையும் அப்படியே பிரித்தார். லட்சத்தீவில் யாரோ எடுத்த வெங்காயக் கலர் நத்தையைப் பார்த்ததும், உலகம் அறியாத புது இனம் என்று முடிவே கட்டிவிட்டார். மறுத்துப் பேசியவர்கள் களைத்து விலகினார்கள். புது இனத்துக்கு அவர் பெயரே வைக்கப்படும் என்பது அவருடைய கணக்கு. தளத்தில் அவர் பெயரைப் பார்த்து, கடலில் மூழ்கி ஆராய்பவர் என்று நினைத்து அழைத்த கல்லூரியின் மேடையில் அதை அறிவிக்கப் போகிறார்.

"நத்தைக்கு உன் பேரா? மேல்கோட்டையிலே நம்ம தாயாதிகள் சிரிப்பாளே," என்றார் நரசிம்மமூர்த்தி.

"ஏன்னா, சிரிக்கட்டுமே. அவா பேர்ல ஒரு சந்துகூடக் கிடையாது."

விழாவுக்கு முந்தின நாள், குண்டலுபேட்டையிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க உமாதேவி என்பவர் வந்தார். மணப்பெண்ணுக்கு நீலம் பிடித்திருந்தது. சம்பந்திக்கு அதையே வெங்காயக் கலரில் எடுக்க வேண்டும். ஆனால் அது வேறு சரக்கோ என்று அவருக்குச் சந்தேகம்.

செலுவம்பா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "பார்டரைப் பாருங்கோம்மா. உடம்பு என்ன கலரா வேணா இருக்கட்டும். அதே பார்டர், அதே முந்தி. ரெண்டும் ஒண்ணுதான்."

சொன்னவர் புடவையை அப்படியே போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். வெங்காய நத்தையின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு, உள்ளே வெள்ளைப் புள்ளிவரிசை, செவுள் நுனியில் ஊதா. அதே தளத்தில், ஏற்கெனவே பெயருள்ள நீல நத்தை ஒன்றின் படத்தைப் பார்த்தார். அதே கோடு, அதே புள்ளி, அதே ஊதா.

"என்னக்கா, சுகர் இறங்கிடுச்சா?" என்றாள் பக்கத்துக் கவுண்டரில் நின்ற சொர்ணலதா.

"இல்லடி. ஒரு இனமே போயிடுத்து."

உமாதேவிக்கு இன்னும் தீரவில்லை. "நெசமா ஒண்ணுதானாங்க?"

"ஒண்ணுதாம்மா," என்றார் செலுவம்பா, சாவுச்செய்தி சொல்லும் குரலில். உமாதேவி இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கல்லூரி முதல்வர் அவரை ஆழ்கடல் மூழ்காளர் என்றே மேடைக்கு அழைத்தார். செலுவம்பா இரண்டு படங்களையும் திரையில் காட்டி, நிறம்தான் வேறு, நத்தை ஒன்றே, புது இனம் என்று தான் சொன்னது தவறு என்றார். வீட்டுக்குப் போய், தளத்தில் அந்த நத்தைக்கு நீல நத்தையின் பழைய பெயரையே போட்டார்.