ஒரே பிள்ளை என்று ஒரு சத்தியக் கடதாசி

நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தபோது நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற தபாலதிபரும் சமாதான நீதவானுமான ஹனீபா அவர்கள் வபாத்தானார்கள், ஜனாஸா நல்லடக்கம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்று அறிவித்தார்கள். நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. மீனை முழுதாக அரிந்து, கழுவி, உப்புப் போட்டு மூடி வைத்த பிறகுதான் குசினிக் கதவில் சாய்ந்து அழுதேன். அவருக்காக அழுதேனா, எனக்காகவா என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதும்போது ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்களாம். "பதினாறு வருசம் அவரோட ஒரே அறையில வேல செஞ்சீங்க, நீங்க எழுதாம வேற ஆரு எழுதுற?" என்று பள்ளி நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டார். படியிறங்கும்போது, அக்காவிடம் கேட்கும் உரிமையோடு, "நல்லத மட்டும் எழுதுங்க லாத்தா. மையித்தாப் போனவரப் பத்திக் குற கதைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டும் போனார். நான் எழுதியிருக்கிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

புத்தளத்தில் நீதிமன்றத்துக்குப் போகும் வீதியில், ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்து அறை எங்களுடையது. ஒரு மேசையில் ஹனீபா நானா, மற்ற மேசையில் என் தட்டச்சு இயந்திரம். இரண்டு பேருமே தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னார்ப் பக்கமிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். அடுத்தடுத்த ஊர்க்காரர். என் வாப்பாவும் அவரும் ஒன்றாக ஓதிப் படித்தவர்கள்; ஆனாலும் ஊரே அண்ணன் முறையில் நானா என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். என் கலியாணத்துக்கு வந்து சோறு தின்றவர். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு உதவும்.

யுத்தம் முடிந்து ஊருக்குப் பாதை திறந்தபின் எங்களுக்கு வேலை குவிந்தது. காணி உறுதி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, அடையாள அட்டையில் ஒரு பெயர், பள்ளிக்கூடப் பதிவில் இன்னொரு பெயர். கையில் கடதாசி இல்லாத சனத்துக்குச் சத்தியக் கடதாசிதான் ஒரே கடதாசி. "இன்னது எனக்குத் தெரிந்த உண்மை" என்று ஒருவர் உறுதி சொல்லிக் கையொப்பம் வைக்க வேண்டும். பொய்யென்றால் தண்டனை அவருக்கு. அதை வாசித்து விளக்கி, தன் கண்முன்னால் ஒப்பம் வைக்கப்பட்டது என்று சமாதான நீதவான் முத்திரை குத்துவார்.

அந்த வாசிப்பை ஹனீபா நானாவைப் போல் செய்தவர் இல்லை. உச்சமுனைத் தீவிலிருந்து தோணியேறி வந்த ஒரு மனுசி, கணவரின் அடையாள அட்டை கடலில் விழுந்துவிட்டது என்று எழுத வந்திருந்தா. கிறிஸ்தவப் பெண். வேதப்புத்தகத்தில் சத்தியம் செய்வதா, வெறுமனே உறுதி சொல்வதா என்று அவவிடம் நிதானமாகக் கேட்டுத்தான் முதல் வரியையே என்னை அடிக்கச் சொன்னார். பிறகு வாசித்தார். "அட்ட விழேக்க நீங்க தோணியில இருந்தீங்களா?" "இல்ல ஐயா, அவர் சொன்னவர்." "அப்ப விழுந்தது எண்டு நீங்க எப்பிடிச் சத்தியம் பண்ணுவீங்க? அவர் சொன்னதா எழுதுவம், இல்லாட்டி அவரயே வரச் சொல்லுங்க." அந்த மனுசி புறுபுறுத்துக்கொண்டு போய், மறுநாள் புருசனையே கூட்டிக்கொண்டு வந்தா.

இன்னொரு நாள் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் காணிக்குக் கிழக்கு எல்லையைக் கொஞ்சம் தாராளமாகச் சொன்னார். நான் அடித்துக்கொண்டே போனேன். நானா கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

"அந்தப் பக்கம் ஆர்ட காணி?"

"ஒரு தமிழ் ஆள்ட. அவங்க எல்லாரும் கனடா போயிட்டாங்க."

"போயிட்டா உங்களுக்கா? நாங்களும்தான் போனம். எங்கட காணி அப்ப ஆருக்கு?"

நான் அந்தத் தாளை உருவி எடுத்துக் கிழித்துப் போட்டேன். அன்றைக்கு அவரோடு ஒரே அறையில் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் அந்த மலரில் போடுங்கள்.

என் மூத்த மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது நான் இரண்டு நாள் லீவு எடுத்து ஆஸ்பத்திரியில் நின்றேன். அந்த இரண்டு நாளில் ஒரு நாள் என் காக்கா, கூடப்பிறந்த ஒரே அண்ணன், அந்த அறைக்கு வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ஊரில் வாப்பா விட்டுப்போன வளவுக் காணியில் என் பங்கில் இளைய மகளுக்கு ஒரு வீடு எழுப்ப வேண்டும் என்பது என் கனவு. புத்தளத்தில் எனக்கென்று ஒரு சாண் நிலம் இல்லை. சில மாதம் கழித்து, மன்னாரில் பிரதேச செயலகத்துக்கு என் பங்கைப் பதியப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கோவையைப் புரட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கட வாப்பாக்கு ஒரே பிள்ளதானே. நீங்க ஆரு?" என்றார்.

தாளைத் திருப்பிக் காட்டினார். என் காக்கா உறுதி சொல்லியிருந்தார்: மரணித்த என் தந்தைக்கு நான் ஒரே பிள்ளை, வேறு வாரிசு எவருமில்லை. கீழே ஹனீபா நானாவின் ஒப்பம். தினமும் காலையில் நான் மை ஒற்றி வைக்கும் அதே முத்திரை.

அடுத்த நாள் அவருக்கு முன்னால் போய் நின்றேன். "நானா, நான் உயிரோட இருக்கிறனா இல்லயா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உன்ட காக்கா வந்து அழுதான் நூரு. நீ இங்கயே நிலச்சிட்டாய், பங்கு வேணாமெண்டு விட்டுக்குடுத்திட்டாய் எண்டான். ஒரு பிள்ளயெண்டு போட்டா வேல கெதியா முடியுமெண்டான்."

"என்ட மேச இந்தா இருக்கு. ஒரு சொல் கேக்க ஏலாமப் போச்சா? உச்சமுனை மனுசிட்ட கேட்ட கேள்விய என்ட காக்காட்ட கேக்கலயே."

அப்போதுதான் நான் இன்றுவரை மறக்காத அந்த வாசகத்தைச் சொன்னார். "நான் ஒப்பம் வச்சது அவன் எனக்கு முன்னுக்குச் சத்தியம் பண்ணினான் எண்டதுக்கு. சத்தியம் உண்மயா பொய்யா எண்டதுக்கு அவன்தான் பொறுப்பு."

சட்டம் அப்படித்தான். எனக்கும் தெரியும். ஆனால் நான் பிறந்தது சட்டத்துக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். "அப்ப எனக்கு ஒரு கடதாசி தாங்க. இவள் இன்னாரின்ட மகள், சின்னதிலிருந்து தெரியும் எண்டு நீங்க சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டேன். எங்கள் ஊர்ப் பிறப்புப் பதிவுகள் யுத்தத்தோடு அழிந்துபோயின. வாப்பாவின் வீட்டுக்குள் வந்துபோய்ப் பழகியவர்களில் மிஞ்சியிருந்தவர் இவர் ஒருவர்தான். அவர் முத்திரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். "நான் ஒப்பம் வச்ச கடதாசிய நானே பொய்யெண்டா, நாளைக்கு ஆரு என்ட வாசலுக்கு வருவா?" என்றார்.

அன்றைக்கே இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டேன். காக்கா பொய் சொன்னது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை, ஆசை வந்தால் கூடப்பிறந்ததும் கண்ணுக்குத் தெரியாது. நம்ப நட, நம்பி நடவாதே என்பார்கள். நான் நம்பி நடந்தது இவரை. காக்கா வளவை விற்றுவிட்டார். பெருநாளைக்கு நானா வீட்டிலிருந்து வட்டிலாப்பம் வந்தது. வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்களுக்குள் பெரிய அவமரியாதை. நான் கழுவித் துடைத்து வெறுமையாகவே அனுப்பினேன். அதற்குப் பிறகு அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

ஜனாஸா அன்று நான் போகவில்லை. மூன்று வாரம் கழித்து அவர் மனைவி சுபைதா லாத்தா ஆளனுப்பிக் கூப்பிட்டா. கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலமென்பதால் அவ வெளியே வர ஏலாது. நானா தபால் கந்தோரில் சேர்ந்தபோது ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். ஊருக்கெல்லாம் பெயர் திருத்திக் கொடுத்த மனுசன் தன் பெயரைத் திருத்தாமல் விட்டிருக்கிறார். இரண்டும் ஒரே ஆள் என்று, அவரை நீண்ட காலம் அறிந்த ஒருவர் சத்தியக் கடதாசி கொடுத்தால்தான் லாத்தாவுக்கு ஓய்வூதியம் கிடைக்கும்.

"உங்கட விசயம் எனக்குத் தெரியும் நூரு. கேக்க வெக்கமாத்தான் இருக்கு" என்றா. நான் எழும்பி வாசல் வரைக்கும் போனேன். போயிருக்கலாம். அவர் எனக்குச் செய்ததை அவர் குடும்பத்துக்குத் திருப்பிச் செய்ய ஒரு சொல்லும் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "ரெண்டு பெயரையும் ஒரு துண்டில எழுதித் தாங்க" என்றேன்.

வேறொரு சமாதான நீதவான் முன்னால் போய் உறுதி சொன்னேன். இன்னாரைச் சிறுவயதிலிருந்து நேரில் அறிவேன், இரண்டு பெயரும் அவருடையதே. கடதாசியைக் கொண்டுபோய் லாத்தாவின் கையில் கொடுத்தேன். அவ அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அவர மன்னிச்சு ஹலாலாக்கிருங்க நூரு. ஒரு சொல் சொல்லுங்க, மனுசன் கபுறுல நிம்மதியாக் கிடக்கட்டும்" என்று அழுதா.

"லாத்தா, அந்தக் கடதாசியில இருக்கிறது உண்ம. அதால ஒப்பம் வச்சன். நீங்க கேக்கிறது இன்னும் உண்மயாகல்ல" என்றேன்.

நான் இருப்பது தெரிந்தும் இல்லை என்ற தாளுக்கு முத்திரை வைத்தவர் ஹனீபா நானா. அவர் இருந்தார் என்று நான் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான்: அவர் எனக்குத் தராத கடதாசியை அவருக்கு நான் கொடுத்தேன் என்பது. மன்னிப்பு உண்மையாகும் நாளில் லாத்தாவின் வீட்டுக்கு நானே போய்ச் சொல்வேன். அதுவரைக்கும் அதற்குப் பொய்யாக ஒப்பம் வைக்க மாட்டேன்.