முன்சீப் வீட்டுக் குழாய்

எழுபதுகளின் நடுவில் என் கணவர் தூத்துக்குடியில் முன்சீப்பாக இருந்தார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் பெரிய குடும்பத்தில் வாயாடியாக வளர்ந்த என்னை, கடலோரத்தில் ஒரு வாடகை வீட்டில் கொண்டுபோய்க் குடிவைத்தார்.

நல்ல மனிதர்தான். ஆனால் நீதிபதியாயிற்றே! யார் வீட்டு விசேஷத்துக்கும் போகக் கூடாது, யார் கொடுத்தாலும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கக் கூடாது என்பார். இன்றைக்குப் பழகுகிறவர் நாளைக்கு வழக்கோடு வந்து நிற்பார் என்பது அவர் பயம். கோர்ட் விஷயத்தை வீட்டில் மூச்சுவிட மாட்டார். அவருக்காவது அங்கே பேச நாலு பேர் உண்டு. நான் உப்புக் காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில மத்தியானங்களில் அழுதும் இருக்கிறேன்.

அந்தத் தெருவில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. எங்கள் கொல்லையில் நல்ல தண்ணீர்க் குழாய் இருந்தது. பின்சந்தில் குடியிருந்த ஓர் அக்கா தினமும் குடத்தோடு வருவார். அவர் கணவர் சொந்த வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். ஊரே என்னை ‘அம்மா’ என்று எட்ட நிறுத்தியபோது, அந்த அக்கா மட்டும்தான் ‘ஏடி’ என்கிற மாதிரி உரிமையோடு ‘ஏளா’ என்று கூப்பிட்டார். ஒருநாள் கருவாடு கொண்டுவந்தார். வாங்கக் கூடாதே என்று நெளிந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“சரி ஏளா, இனி வாயை மட்டும் கொண்டுக்கிட்டு வாரேன்” என்று சிரித்தார். அதன்பிறகு குடம் நிரம்பி வழிந்தாலும் எங்கள் பேச்சு நிற்காது.

ஒருநாள் அவர் வரவில்லை. மறுநாளும் காணோம். காய்ச்சலோ என்னவோ என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அவர் தெருமுனைப் பொதுக்குழாயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே, அங்கன வர நேரமில்லம்மா என்று சொல்லிவிட்டார். அந்த ‘அம்மா’ என்னைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கருவாட்டை வாங்காததை மனதில் வைத்துக்கொண்டாரோ? வேறு என்ன தப்பு செய்தேன்? யோசித்து யோசித்துக் கடைசியில் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. வேண்டுமானால் வரட்டும் என்று வீம்பாக இருந்தேன். மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் எதிரே வந்தபோதுகூட அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணையும் போயிற்று.

பிறகு கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சாமான்கள் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும்போது மனசு கேட்கவில்லை. ரோஷத்தை விட்டுப் பொதுக்குழாய்க்குப் போய், ஊரை விட்டுப் போகிறோம் என்றேன். அக்கா குடத்தை இறக்கி வைத்தார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய வள்ளம் தன்னுடையது என்று பங்காளி ஒருவர் வழக்குப் போட்டிருந்தாராம். வழக்கு என் கணவர் கோர்ட்டுக்கு வந்ததாம். சில மாதங்களுக்கு முன்பு இவர்கள் பக்கம் தீர்ப்பாகியிருந்தது.

அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தீர்ப்பான பிறகாவது வந்திருக்கலாமே என்று ஆற்றாமையோடு கேட்டேன்.

“கேஸ் இருக்குன்னு ஒங்கிட்ட சொன்னா அதுவே சிபாரிசுல்லா? தோத்திருந்தா அன்னைக்கே ஒன் வாசலுக்கு வந்திருப்பேன் ஏளா. ஜெயிச்சிட்டோம், அதான் வர முடியல. வந்தா, முன்சீப் பொண்டாட்டியக் கைக்குள்ள போட்டுத்தான் வள்ளத்த வாங்கினாவன்னு ஊரு சொல்லும். ஐயா குடுத்தது நியாயமான தீர்ப்பு. அதுல எங் காலுச் சேறு படக் கூடாது.”

நடுத்தெரு என்றும் பாராமல் அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

ரயிலில் கணவரிடம் இதைச் சொன்னேன். தெரிந்திருந்தால் வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்ற எழுதியிருப்பேன் என்றார். பிறகு, “வாசலையே காவல் காத்தேன். கொல்லைப்பக்கம் யார் வந்து போகிறார்கள் என்று உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லையே” என்று தன்னையே நொந்துகொண்டார்.

அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் குடியிருந்துவிட்டோம். நீதிபதி வீட்டுத் தனிமை எனக்கு மட்டும்தான் என்று நான் அழுதுகொண்டிருந்த அந்த நாட்களில், அதில் பாதியை அந்த அக்காவும் வாய் திறக்காமல் குடத்தோடு சேர்த்துச் சுமந்திருக்கிறார்.