இரண்டு தட்டு

நெல்டா ஹேக்ஸ்டட் மல்லாந்து கிடக்கிறாள். முதுகுக்குக் கீழே ஒரு துண்டுக் கம்பளம், முகத்துக்கு மேலே புத்தம்புது பிக்கப் வண்டியின் வயிறு. வெளியே தெரிவதெல்லாம் முழங்காலுக்குக் கீழே உள்ள கால்களும் சாணி காய்ந்த பூட்ஸும்தான். கடைக்காரப் பையன் குனிந்து, "காபி கொண்டு வரட்டுமா மேடம்?" என்கிறான். ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, பின்சக்கரத்தின் பிரேக் தட்டை விரல் கணுவால் சுண்டிப் பார்க்கிறது. சந்தையில் பூசணிக்காயைச் சுண்டிப் பார்க்கிற அதே சுண்டல்.

அப்புறம் வண்டிக்கு அடியிலிருந்து கேள்வி வரும். "நிக்குமா?"

"இழுவையில இதை அடிச்சுக்க ஆளே இல்ல மேடம். இந்த மாடல்..."

"இழுக்கிறதை யாரு கேட்டா? கழுதைகூடத்தான் இழுக்கும். பின்னால டிரெய்லர் நிறைய மாடு. மலைச் சரிவு. டிரெய்லரோட பிரேக் வேலை செய்யல. இந்த வண்டி தன் பிரேக்குல மட்டும் அத்தனையையும் பிடிச்சு நிறுத்துமா?"

"தாராளமா நிக்கும் மேடம்!"

நெல்டா எழுந்து கம்பளத்தை உதறிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறாள். "பொய்" என்கிறாள், கோபமே இல்லாமல். மேசைமேல் இருக்கிற இலவச டோனட்டில் ஒன்றை நாய்க்கென்று காகிதத்தில் மடித்துக்கொண்டு போய்விடுகிறாள்.

வயோமிங்கின் இந்த மூலையில் பிக்கப் விற்கிற கடை எதுவும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு கடை வாசலில் அவளுடைய துருப்பிடித்த கார் வந்து நிற்கிறது. உள்ளே ஒருவன் இன்னொருவனை முழங்கையால் இடிப்பான். "டேய், பிரேக்கம்மா வந்தாச்சு. உன் முறைதான், போ."

வியாழக்கிழமைகளில் அவளை மாட்டு ஏலக் கொட்டகையின் கேண்டீனில் பார்க்கலாம். விடியலுக்கு முன்பே வந்து மாவு பிசைந்து, புளிப்புச் செர்ரிப் பழம் வைத்து மூடி 'பை' என்கிற பலகாரம் சுடுவாள். அறுபதை நெருங்குகிற உடம்பு. கயிறு இழுத்து இழுத்துத் தடித்த விரல்கள், ஆனாலும் அவள் விரித்த மாவின் வழியே வெளிச்சம் தெரியும். ஏலம் முடிந்து சாப்பிட வருகிற பண்ணைக்காரர்களுக்கு வண்டிப் பேச்சு இல்லாமல் சோறு இறங்காது. இந்த ஊரில் ஒருவன் எந்தத் தேவாலயத்துக்குப் போகிறான் என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கம்பெனி பிக்கப் ஓட்டுகிறான் என்று பார்ப்பார்கள். அப்பன் ஓட்டிய கம்பெனியை மகன் மாற்றினால், வேறு சாதியில் பெண் எடுத்த மாதிரி கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை நிற்கும்.

"நீ வண்டி வாங்கறதுக்குள்ள பறக்கிற பிக்கப்பே வந்துடும் நெல்டா."

"வரட்டும். இறங்கறப்போ நிக்குமான்னு கேப்பேன்."

சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிடும். காரணம் அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷன் ஆர்லனின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் பாதிப்பேர் அந்த மேசைகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

கோடையில் மலைமேல் மேய்கிற மாடுகளைப் பனிக்கு முன்னால் கீழே இறக்கிவிட வேண்டும். வழி ஒன்றுதான், கணவாய்ச் சாலை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சரிவில் ஆர்லனின் வண்டியை அதன் பின்னால் வந்த டிரெய்லரே தள்ளிக்கொண்டு போனது. மூன்றாம் வளைவில் எல்லாம் சேர்ந்து பள்ளத்தில் இறங்கின. உயிரோடு கிடந்த மாடுகளைச் சுட்டுத் தீர்க்க ஷெரீஃபின் ஆட்களுக்கு வெகுநேரம் ஆனது. கீழே பண்ணையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மகள் ட்ரூடி அந்தச் சத்தத்தைக் கேட்டு, யாரோ மான் சுடுகிறார்கள் என்று நினைத்தாளாம்.

அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது ஆர்லன்தான். நடுத்தர வண்டி. "வருஷம் முழுக்கச் சும்மா ஊருக்குப் போய் வர்றோம், நெல்டா. பாரம் இழுக்கிறது பத்து நாள். அந்தப் பத்து நாளுக்காக யானையைக் கட்டித் தீனி போடணுமா? இது ரெண்டுக்கும் ஆகும்" என்றான். நெல்டாவும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை. பை சுடும்போது யாராவது "ரெண்டுக்கும் ஆகும்" என்று எதைப் பற்றிச் சொன்னாலும் மாவு விரிக்கிற கட்டை அப்படியே நின்றுவிடும்.

ஆர்லன் போன பிறகு மாடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர் இறக்கித் தந்தார். இந்த வசந்தத்தில் அவரும் பண்ணையை விற்றுவிட்டுப் போய்விட்டார். இனி ட்ரூடிதான் ஓட்ட வேண்டும். அதே அளவு டிரெய்லர், அதே சரிவு, அதே மூன்றாம் வளைவு. ட்ரூடிக்கு முப்பத்து நான்கு வயது. நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை. குளிர்காலம் முழுக்கத் தினமும் பனிக்கட்டிச் சாலையில் போய் வருகிறாள். அதற்கும் இனி வாங்கப்போகிற இந்த ஒரே வண்டிதான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, மகள் காபிக் கோப்பையைக் கொஞ்சம் ஓசையாகவே வைத்தாள்.

"இந்தச் சனிக்கிழமை வாங்கறோம். இல்லேன்னா மாட்டையெல்லாம் மலைமேலயே வித்துடு. நான் பில்லிங்ஸ் டவுன் பக்கம் வேலை தேடிக்கறேன்."

"அவசரப்படாதேடி. இன்னும் ரெண்டு கடை பாக்கல."

"எல்லாக் கடையும் பாத்தாச்சும்மா. ஒரே கடையை மூணு தரம் பாத்தாச்சு. கடைநாய்கூட உன்னைப் பாத்தா வாலாட்டுது."

"பெருசா ஒண்ணு வாங்கிடலாம். பின்னால இரட்டைச் சக்கரம் வச்சது."

"அதை எங்க நிறுத்தறது, கிழவிங்க படுக்கை மேலயா? ஐஸ்ல அது சறுக்கும்னு உனக்கே தெரியும். வருஷம் முழுக்கச் சும்மா போறோம், பாரம் இழுக்கிறது பத்து நாள்..."

ட்ரூடி பாதியில் நிறுத்திக்கொண்டாள். சொன்னது யாருடைய வாக்கியம் என்று அவளுக்கே உறைத்துவிட்டது. நெல்டா எழுந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

சனிக்கிழமை போன கடை டாரிலுடையது. அவனும் சவப்பெட்டி தூக்கியவன்தான். நெல்டா கம்பளத்தை விரித்து அடியில் போனாள், சுண்டிப் பார்த்தாள், வெளியே வந்தாள், கேட்டாள். டாரில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"நிக்காது நெல்டா."

அவள் கம்பளத்தைச் சுருட்டுவதைப் பாதியில் நிறுத்தினாள்.

"இது மட்டுமில்ல. அதோ இருக்கே இரட்டைச் சக்கரம், அதுவும் நிக்காது. டிரெய்லர் பாரத்தை டிரெய்லரோட பிரேக்தான் பிடிக்கணும். அது செத்துட்டா அந்தச் சரிவுல எந்த வண்டியா இருந்தாலும் கதை முடிஞ்சுது. எத்தனை கடையில கேட்டாலும் யோக்கியமான பதில் இதுதான்."

"அப்போ ஆர்லன் பெரிய வண்டி வாங்கியிருந்தா..."

"மூணாம் வளைவுல போனது நாலாம் வளைவு வரைக்கும் வந்திருக்கும், இல்ல அஞ்சாவது. அவ்வளவுதான்."

ட்ரூடி டாரிலை முறைத்தாள். அவன் பேச்சை மாற்ற, நடுவில் நின்ற வண்டியைக் காட்டினான். கனமான அடிச்சட்டம், பின்னால் ஒற்றைச் சக்கரம். ஐஸுக்கும் ஆகும், இழுவைக்கும் ஆகும். கடை டிரெய்லர் ஒன்று அதில் மாட்டியே இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் திரையில் ஒரு சின்ன டிரெய்லர் படம் பச்சையாக எரிந்தது.

"இப்பல்லாம் வண்டியே சொல்லிடும் நெல்டா. டிரெய்லர் பிரேக் வயரோட பிளக் சரியா இருந்தா பச்சை. கழண்டா டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது, உடனே சிவப்பு, கூடவே ஒரு கத்தல். மறந்துட்டுப் போகவே முடியாது."

நெல்டா பின்பக்கம் போனாள். கட்டைவிரல் தடிமனான அந்தப் பிளக்கைப் பிடித்து உருவினாள். வண்டி கத்தியது. செருகினாள், அடங்கியது. உருவினாள், கத்தியது. செருகினாள். டாரில், "நல்லா இருக்குல்ல?" என்றான். அவள் மறுபடி உருவினாள். நாலாம் தடவையில் ட்ரூடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "டாரில், கொஞ்சம் உள்ளே போ" என்றாள். அவன் போனான்.

ஆர்லனும் நெல்டாவும் டிரெய்லர் கட்டுகிற முறை ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் பழகியது. அவன் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து கொக்கியில் இறக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கையிலேயே இருப்பான். சங்கிலி மாட்டுவது, பிளக் செருகுவது, கதவுத் தாழ் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. முடிந்ததும் டிரெய்லர் மட்கார்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. எல்லாம் ஆச்சு, கிளம்பு என்று அர்த்தம். அந்தத் தட்டு விழுந்துவிட்டால் ஆர்லன் திரும்பிப் பார்க்க மாட்டான். பழைய வண்டியிலும் பிளக்குக்கென்று ஒரு விளக்கு இருந்தது. அது கெட்டுப்போய்ப் பல வருடம். பொண்டாட்டி கை இருக்கும்போது விளக்கு எதற்கு?

"அன்னிக்கு மேகம் கட்டிக்கிட்டு வந்துது" என்றாள் நெல்டா. கையில் பிளக் தொங்கியது. "சீக்கிரம் சீக்கிரம்னு கத்தினான். ஒரு கன்னுக்குட்டி தாழ்கிட்ட கால் மாட்டிக்கிச்சு. அதை உள்ளே தள்ளிட்டு வந்து தட்டினேன். தட்டினது ஞாபகம் இருக்குடி. கை எரிஞ்சது ஞாபகம் இருக்கு. செருகினது ஞாபகம் இல்ல."

"ஷெரீஃப் என்ன சொன்னார்?"

"அவ்வளவு உருண்டா எந்தப் பிளக்கும் கழண்டுதான் கிடக்கும்னாரு."

ட்ரூடி அவள் கையிலிருந்து பிளக்கை வாங்கிச் செருகினாள். வண்டி அடங்கியது.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"தூக்கத்துல சுவத்தைத் தட்டறே. ரெண்டு தட்டு. அப்புறம் எழுந்து உக்காந்துக்கறே. அடுத்த ரூம்ல நான் என்ன செவிடா?"

"அப்புறம் ஏண்டி கேக்கல?"

"கேட்டு? செருகலைன்னு சொன்னா அப்பா வந்துடுவாரா? செருகினேன்னு சொன்னா நீ நம்பிடுவியா?"

நாய்க்கு டோனட் எடுக்காமல் அவள் ஒரு கடையை விட்டு வந்தது அன்று ஒருநாள்தான். அந்த நடு வண்டியை ட்ரூடியே ஓட்டிக்கொண்டு வீடு வந்தாள்.

முதல் பனி இந்தத் தடவை சீக்கிரமே வந்தது. மலைமேல் பட்டியில் மாடுகளின் முதுகில் வெள்ளை படிந்திருந்தது. இரண்டு நடையாக இறக்க வேண்டும். ட்ரூடி முதல் நடை போய் வரும்வரை மிச்ச மாடுகளோடு நெல்டா மேலேயே இருப்பாள் என்று ஏற்பாடு. ஏற்றி முடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து நெல்டா முதல்முறையாகச் சங்கிலியை மாட்டினாள். தாழைப் பார்த்தாள். பிளக்கைச் செருகினாள்.

"பச்சை காட்டுதும்மா!" என்று முன்னாலிருந்து ட்ரூடி கத்தினாள்.

நெல்டா மட்கார்டு வரை வந்து, கையை ஓங்கி, அப்படியே நின்றாள். திரும்பிப் போய் உருவினாள். வண்டி கத்தியது. மறுபடி செருகினாள்.

"பச்சைதாம்மா!"

மீண்டும் வந்தாள், மீண்டும் திரும்பிப் போனாள். உள்ளே மாடுகள் இடம் மாறி மாறிக் கால் வைத்ததில் டிரெய்லர் மெல்ல ஆடியது.

"அம்மா, பனி கூடுது. தட்டு, நான் போறேன்."

நெல்டா கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையை மட்கார்டின்மேல் வைத்தாள். ஓங்கவில்லை, தட்டவில்லை. சும்மா வைத்தாள். ட்ரூடி பக்கக் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராத தட்டுக்காகக் காத்திருந்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்தாள். டிரெய்லர் நகர்ந்தது. கையை எடுக்காமல் நெல்டாவும் கூடவே நடந்தாள். சேற்றிலும் பனியிலும் பூட்ஸ் வழுக்க, முதலில் நடையாக, பிறகு ஓட்டமும் நடையுமாக, பட்டியின் கடைசிக் கம்பம் வரை போனாள். அங்கே இரும்பு அவள் கைக்கு அடியிலிருந்து நழுவிப் போனது. டிரெய்லரின் சிவப்பு விளக்குகள் சரிவில் திரும்பி மறைந்த பிறகும், வெறுங்கை அந்த உயரத்திலேயே நின்றது.