பிளீசியோசாரஸின் கழுத்து

என் தங்கச்சி புருசனின் முன்பற்கள் இரண்டை உடைத்தது நான்தான்.

லகாட் என்ற ஊரில், ஈயம் தோண்டிவிட்டுப் போன ஒரு பழைய குட்டைக்குப் பக்கத்தில் அவனுடைய ஃபைபர் பட்டறை இருந்தது. நீர்ப்பூங்காக்களுக்குப் பொம்மைகள் செய்வோம். நான் இரும்புக்கூடு கட்டுவேன், அவன் ஃபைபர் போர்த்துவான், தங்கச்சி பெயிண்ட் அடிப்பாள்.

ஒருமுறை பிளீசியோசாரஸ் கேட்டார்கள். ஜுராசிக் காலத்தில் கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஊர்வன. பீப்பாய் உடம்பு, நான்கு துடுப்பு, நீளக் கழுத்து. அந்தக் கழுத்து அன்னம் மாதிரி மேலே வளையாது என்று படித்தேன். முன்னால் நீட்டியபடியே கூடு கட்டினேன்.

"என்ன மச்சான், செத்த பாம்பாட்டம் கெடக்கு? தூக்கி நிறுத்துலா. பிள்ளைங்க போட்டோ எடுக்கணும்," என்றான் தங்கச்சி புருசன்.

"எலும்பு அப்படி மடங்காது மச்சான். நிறுத்தினா அடிக்கம்பி பாரமும் தாங்காது."

"நீ வெல்டரா, டாக்டரா?"

காய்ச்சலில் இரண்டு நாள் நான் போகவில்லை. அவனே கம்பிகளை அறுத்துக் கழுத்தை நிமிர்த்தி, அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி பற்றவைத்து, மேலே ஃபைபரும் போர்த்திவிட்டான். நான் திரும்பி வந்தபோது தங்கச்சி அதன் நெஞ்சுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தாள். லாரியில் ஏற்றுவதற்காக அவன் சங்கிலியை மாட்டி இழுத்துப் பார்த்தான்.

படாரென்று கழுத்து முறிந்து அவள்மேல் விழுந்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நீலப் பெயிண்டில் ரத்தம் கலந்து ஓடியது.

அவன் ஓடிவந்தான். அவளிடம் போகவில்லை. "ஐயோ, தலை ஒடஞ்சு போச்சே!" என்று பொம்மையைத் தடவினான்.

கையில் கிடைத்த இரும்புக்குழாயால் அவன் வாயில் அடித்தேன். விழுந்தான். ஏறி உட்கார்ந்து மறுபடியும் அடித்தேன். உடைந்த ஃபைபர் துண்டை எடுத்து என் தோளில் குத்தினான். அதை நானே பிடுங்கி எறிந்துவிட்டு அவன் கழுத்தை நெரித்தேன்.

"என்னைத் தூக்குங்கடா!" என்று அவள் கத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. பக்கத்துப் பட்டறை ஆட்கள் வந்து எங்களைப் பிரித்து, அவளைக் காரில் ஏற்றினார்கள்.

எலும்பில் தகடு வைத்தும் அந்தக் கை சரியாக மடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் பார்க்கப் போனபோது அவள் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அவரு பொம்மைகிட்ட போனாரு. நீ அவருகிட்ட போனே. என்கிட்ட யாரும் வரலையேண்ணே."

அவளுக்காகத்தான் அடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. முதல் அடி விழுந்தபோது எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது.