பன்னிரண்டு முடிச்சு

நிக்கோலாசா எதையும் அளக்காமல் செய்கிறவள் இல்லை. எல் ஆல்ட்டோ நகரப் பேருந்து நிறுத்தத்தில் விடிகாலையில் அவள் விற்கும் ஊதாச் சோளக் கஞ்சியில் பட்டை ஒருநாள் கூடியதுமில்லை, ஒருநாள் குறைந்ததுமில்லை. அதனால்தான் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றை எடுத்து, அதைச் சுற்றி அளந்து, அளவு முடிந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். வியாழன்தோறும் அளப்பது என்று வைத்துக்கொண்டாள்.

மருந்து தம்பி பெர்மினுடையது. ஏரிக்கரை ஊரில் பேர்பெற்ற வைத்தியன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினாறு. நாலாம் வகுப்போடு நின்ற இவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள். இன்று எல்லை தாண்டிப் பெருவிலிருந்துகூட அவன் வாசலுக்கு ஆட்கள் வருகிறார்கள். கஞ்சி குடிக்க வரும் ஓட்டுநர்களிடமெல்லாம் அதைச் சொல்லாமல் அவள் கோப்பையை நீட்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்ன ஒருத்தியிடம், வீட்டில் கிணற்றை வைத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு ஏன் போகவேண்டும் என்று கேட்டாள்.

கஷாயம் குடித்தாள். லாமா விலங்கின் கொழுப்பில் குழைத்த பச்சிலையை வைத்துக் கட்டினாள். நூலில் முடிச்சுகள் வாராவாரம் உள்ளே தள்ளி விழுந்திருக்க வேண்டும். வெளியே தள்ளி விழுந்தன. நாலாவது வாரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் போனில் "குறையுதா அக்கா?" என்று கேட்டபோது, "குறையற மாதிரிதான் இருக்கு" என்றாள். சொந்த அக்காவுக்கே கைகொடுக்காத கை என்று நாளைக்கு அவனை யாரும் பேசிவிடக்கூடாது.

பன்னிரண்டாவது முடிச்சுக்கு மறுநாள், கொச்சபாம்பாவுக்குத் தோழியைப் பார்க்கப் போவதாக அவனிடம் சொல்லிவிட்டு, நூலை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். சோதனை முடிவு வந்த அன்று டாக்டர் பெண் எதையும் மறைக்கவில்லை. இது தானாகக் கரையும் கட்டியில்லை, மார்பை எடுத்தாக வேண்டும், இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் கொஞ்சமாக எடுத்திருக்கலாம் என்றாள். கூட வந்தவர் பெயர் எழுதும் இடத்தில் நிக்கோலாசா தம்பி பெயரை எழுதினாள். தொழில் என்ற இடத்தில் மருத்துவர் என்று நிறுத்தி எழுதினாள்.

"எந்த ஆஸ்பத்திரியில இருக்காரு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஏரிக்கரையில."

"வரலையா?"

"கூட்டம் அதிகம். விட்டுட்டு வர முடியாது."

அறுவை முடிந்து ஐந்து நாள் கழித்து வீடு திரும்பியதும், மருந்து வாடை அடிக்கிறது என்று உடுத்திப்போனதையெல்லாம் ஒரு கையாலேயே துவைத்துப் போட்டாள். அதன் பிறகு தூக்கம் வரவில்லை. சூப்பு தொண்டையில் இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் கதவு சாத்தினால் உடம்பு பதறியது. யாரோ கழற்றிப் போட்ட சட்டை மாதிரி கட்டிலில் கிடந்தாள். இது என்னவென்று அவளுக்குத் தெரியும். பயந்த இடத்திலேயே அஹாயு நின்றுவிட்டது. உயிரின் நிழலான அதை யாராவது பேர்சொல்லி அழைத்து வரவேண்டும். தன் குரலுக்குத் தன் அஹாயு திரும்பாது. அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

போன் செய்தாள். கேட்டு முடிப்பதற்குள் பெர்மின், "எந்த இடத்துல பயந்த?" என்றான். இடம் தெரியாமல் அழைக்க முடியாது.

"ஆஸ்பத்திரியில, தம்பி. அறுத்த மேசையில."

மறுமுனையில் குரைத்த நாயை அவன் அதட்டினான்.

"குறையுதுன்னுதானே சொன்ன?"

"குறையற மாதிரின்னு சொன்னேன்."

"மாதிரி," என்றான் அவன்.

"இன்னும் ஊசி மருந்து இருக்கு. மூணு வாரத்துக்கு ஒருக்கா வரச் சொல்லியிருக்காங்க. நான் போவேன்."

"போ." கோபமா இல்லையா என்று அந்த ஒரு சொல்லில் பிடிபடவில்லை. "அன்னிக்குப் போட்டிருந்த துணி எங்க?"

"துவைச்சுட்டேன்."

"சால்வை?"

"அதையும்."

"தொப்பியைக்கூட விட்டிருக்க மாட்டியே நீ."

"தொடைச்சு வச்சேன்."

"உன் உடம்புல பட்டது, தண்ணி படாதது ஒண்ணாவது வேணும்க்கா. வெறுங்கைய ஆட்டியா கூப்பிட?"

இடுப்புப் பை மேசைமேல் இருந்தது.

"ஒரு நூல் இருக்கு," என்றாள்.

என்ன நூல் என்று அவன் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறேன். நனைச்சுடாத."

அவன் கையில் சிக்கக்கூடாதென்று அன்று முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்த்தாள். தன் அளவை அவளே அழிப்பது அதுதான் முதல் தடவை. தையல் போட்ட பக்கத்துக் கை தூக்க வரவில்லை. பல்லாலும் நகத்தாலும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பன்னிரண்டும் போன பிறகும் நூல் நேராக நிற்கவில்லை. முடிச்சு இருந்த இடமெல்லாம் நெளிந்து கிடந்தது. அவனோ விரலால் தடவியே எதையும் கண்டுபிடிக்கிறவன்.

கஞ்சிப் பானை ஆவியில் ஒரு நிமிஷம் காட்டினால் நேராகிவிடும். ஆனால் நனைக்கக் கூடாது. நூலை மேசைமேல் நீளமாக இழுத்து வைத்து, இரு முனையிலும் ஒவ்வொரு கோப்பையைக் கவிழ்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.